"வீடியோ வரலையே சார்": மேடைத் திரையில் கோளாறு வந்தால் எங்கே கை வைப்பது

சபா நாடகம், நாட்டிய அரங்கேற்றம், கல்லூரி விழா, பள்ளி ஆண்டு விழா என்று பத்து வருடத்துக்கு மேலாக மேடைக்கு வீடியோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வருபவை ஒரு பத்துக் கோளாறுகள்தான். ஒவ்வொரு முறையும் யாராவது போனில் கூப்பிட்டு, "லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். லேப்டாப்பில் கை வைப்பது கடைசியில்தான்.

கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கத் தேவையில்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். ஷோ ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், முதல் வேலை கோளாறைத் தேடுவது அல்ல. மக்கள் கண்ணிலிருந்து அதை மறைப்பது. ஸ்விட்சரில் (வரும் படங்களில் ஒன்றைத் தேர்ந்து திரைக்கு அனுப்பும் பெட்டி) ஃபேட் டு பிளாக், அதாவது படத்தைக் கருப்பாக்கும் பொத்தான், இருந்தால் அதை அழுத்துங்கள். ஸ்கேலரில் (படத்தின் அளவை மாற்றும் பெட்டி) படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் ஃப்ரீஸ் இருந்தால் அதுவும் போதும். கருப்புத் திரைக்கு முன்னால் நடனம் நடந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டெஸ்க்டாப்பும் மவுஸ் அம்பும் தெரிந்தால் ஊரே பார்க்கும். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்று கேபிளை ஒன்றாக மாற்றிவிட்டுப் படம் வந்தால், எது கெட்டது என்று தெரியாமல் மூன்றையும் மறுபடி பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவீர்கள்.

திரை முழுக்கக் கருப்பு

*"நோ சிக்னல்" என்று எழுத்து வருகிறது*

அப்படியானால் ப்ரொஜெக்டர் உயிரோடு இருக்கிறது, அதற்குப் படம் போய்ச் சேரவில்லை. முதலில் இன்புட் எதில் இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ 2-இல், ப்ரொஜெக்டர் எச்டிஎம்ஐ 1-இல். இதற்காகவே நான் ஒருமுறை தாம்பரத்திலிருந்து மயிலாப்பூர் வரை வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன். அடுத்து, விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் (P) சேர்த்து அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள்.

இன்னும் வரவில்லையா? சங்கிலியைப் பாதியாக வெட்டுங்கள். லேப்டாப், ஸ்விட்சர், நீளக் கேபிள், ப்ரொஜெக்டர் என்று நான்கு கண்ணிகள் இருந்தால், நடுவில், அதாவது ஸ்விட்சரின் அவுட்புட்டில், ஒரு சின்ன மானிட்டரை மாட்டுங்கள். அங்கே படம் வந்தால் முன்பாதி நல்லது, வராவிட்டால் பின்பாதியைத் தொடவே வேண்டாம். என் பையில் 7 அங்குல மானிட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். நான் வாங்கியதிலேயே அதிகம் உழைத்த கருவி அதுதான்.

நீளக் கேபிள்தான் காரணம் என்று தெரிந்தால், அதன் நீளத்தைக் கேளுங்கள். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ கேபிளில் 1080பி படம் 10, 15 மீட்டர் வரைதான் நம்பிக்கையாகப் போகும். 4கே என்றால் அதில் பாதிகூடச் சந்தேகம். மண்டபத்தின் பின்னாலிருந்து மேடை வரை போக எஸ்டிஐ (கோஆக்சியல் கேபிளில்), எச்டிபேஸ்டி (நெட்வொர்க் கேபிளில்), ஆப்டிகல் எச்டிஎம்ஐ (கண்ணாடி இழைக் கேபிளில்) என்று மூன்று வழிகள் உண்டு. எச்டிபேஸ்டிக்கு நெட்வொர்க் கேபிள்தான் என்றாலும், நடுவில் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்தால் போகாது. பெட்டியிலிருந்து பெட்டிக்கு நேராக இழுக்க வேண்டும். ஆப்டிகல் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். 50 மீட்டரையும் இழுத்து, கம்பளத்துக்கு அடியில் டேப் ஒட்டி முடித்த பிறகு, தலைகீழாகப் போட்டிருக்கிறோம் என்று கண்டுபிடித்த நாள் எனக்கு உண்டு. இப்போது முனைகளில் சிவப்பும் பச்சையுமாக டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

கேபிள் நல்லது, நேற்று ஒத்திகையில் வந்தது, இன்று வரவில்லை என்றால், எதை முதலில் ஆன் செய்தீர்கள் என்று யோசியுங்கள். லேப்டாப் கிளம்பும்போது எதிரே இருக்கும் திரையிடம் "உன் அளவு என்ன?" என்று கேட்டுக்கொள்ளும். திரை அப்போது தூங்கிக்கொண்டிருந்தால், லேப்டாப் தானாக ஏதோ ஓர் அளவை வைத்துக்கொள்ளும், அல்லது ஒன்றும் அனுப்பாது. திரையை ஆன் செய்து, அடுத்து ஸ்விட்சரை ஆன் செய்து, கடைசியில் லேப்டாப்பை மாட்டுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ் பொத்தான்களோடு பி-யை, அதாவது ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது எழுத்தை, அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஆனால் திரை ஒரு கணம் அணைந்து வரும், ஷோ நடுவில் செய்யாதீர்கள். இந்தத் தொல்லை அடிக்கடி வந்தால் திரையின் அளவை லேப்டாப்புக்கு எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும் ஈடிஐடி எமுலேட்டர் என்ற விரல் நீளப் பொருளை வாங்கி லேப்டாப் பக்கம் மாட்டிவிடுங்கள்.

*எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை*

சிரிக்காதீர்கள்: ப்ரொஜெக்டரின் லென்ஸ் மூடி. அதற்கு அடுத்து ரிமோட்டில் இருக்கும் ஏவி மியூட், அதாவது படத்தையும் ஒலியையும் மறைக்கும் பொத்தான். அதற்கும் அடுத்து, தொடக்கத்தில் நான் அழுத்தச் சொன்ன ஃபேட் டு பிளாக்கை யாரோ அழுத்திவிட்டு மறந்துபோனது. மென்பொருளில் மாஸ்டர் ஃபேடர் கீழே இறங்கியிருக்கலாம். எல்இடி சுவர் என்றால் கன்ட்ரோலரில் (சுவருக்குப் படத்தை அனுப்பும் பெட்டி) பிரைட்னஸ் பூஜ்யத்தில் இருக்கலாம்.

எல்இடி கன்ட்ரோலரிலேயே டெஸ்ட் பேட்டர்ன் இருக்கும், அதை ஓடவிடுங்கள். சுவரில் நிறப் பட்டைகள் வந்தால் கோளாறு கன்ட்ரோலருக்கு முன்னால், வராவிட்டால் பின்னால். பின்னால் என்றால் கரண்ட் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எல்இடி கொண்டுவந்தவர்களைக் கூப்பிடுங்கள். ப்ரொஜெக்டரில் லாம்ப் விளக்கு சிவப்பாக எரிந்தால் அதுவும் உங்கள் வேலை இல்லை. ஃபில்டரில் தூசி அடைத்துச் சூடேறி நின்றிருந்தால் மட்டும், ஆறவிட்டுத் தட்டிவிட்டுப் போடலாம்.

*எல்லாம் வருகிறது, ஒரு படம் மட்டும் கருப்பு*

எச்டிசிபி, அதாவது நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. ஓடிடி தளத்திலிருந்தோ புளூரே தட்டிலிருந்தோ ஓடும் படத்துக்குப் பூட்டு உண்டு. ஸ்விட்சரும் கேப்சர் கார்டும் அந்தப் பூட்டைத் திறக்காது, கருப்புதான் வரும். மேக்புக்கில் இன்னொரு வேடிக்கை: எதிரே உள்ள கருவி எச்டிசிபி தெரியும் என்று சொன்னாலே, சாதாரணப் படத்துக்கும் பூட்டு விழலாம். அந்தக் கருவியின் மெனுவில் எச்டிசிபியை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள். ஓடிடி படத்துக்கு வேறு வழி தேடாதீர்கள். உரிமை உள்ளவரிடம் ஃபைலாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அதையும் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள்.

படம் விட்டுவிட்டு வருகிறது

எச்டிஎம்ஐ பிளக்குக்குப் பூட்டு கிடையாது. யாராவது மேசையை இடித்தாலே நழுவும். கேபிளை மேசைக் காலோடு சேர்த்து டேப் ஒட்டி, பிளக் மேல் இழுவை விழாமல் வையுங்கள். அடுத்த சந்தேகம் டைப்-சி டாங்கிள். தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றுங்கள். டாங்கிள் இரண்டு இல்லாமல் நான் வீட்டை விட்டே கிளம்புவதில்லை.

லைட்டுக்காரர் டிம்மரை ஏற்றி இறக்கும்போது மட்டும் படம் துள்ளுகிறதா? வீடியோ கேபிள் கரண்ட் கேபிளோடு ஒட்டி ஓடுகிறது. பிரித்துப் போடுங்கள், குறுக்கே வெட்டிப் போக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகப் போகட்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் எர்த்தில் கோளாறு, மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஈபி போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது வரும் சில நொடி இடைவெளிதான் நம் ஊரில் பெரிய வில்லன். லேப்டாப் பேட்டரியில் தப்பிக்கும். ஸ்விட்சரும் எல்இடி கன்ட்ரோலரும் செத்து மறுபடி எழுந்துவர நேரம் ஆகும். அவை இரண்டுக்கும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும். சுவர் முழுவதையும் யுபிஎஸ்ஸில் போட நினைக்காதீர்கள்.

முகம் அகலமாகத் தெரிகிறது, ஓரம் வெட்டுகிறது

ஒரு வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால் அளவுக் கணக்கு தப்பு. எல்இடி சுவருக்கு இந்தக் கணக்கை நீங்களே போடலாம். சுவர் என்பது கேபினெட் என்ற பெட்டிகளின் அடுக்கு. வாடகைக்கு வரும் அரை மீட்டர் சதுரக் கேபினெட்டில், பி3.91 (புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர்) என்றால் ஒரு பக்கத்துக்கு 128 புள்ளிகள். 10 கேபினெட் அகலம், 6 உயரம் என்றால் 1280க்கு 768. கிட்டத்தட்ட 16 அடிக்கு 10 அடி மேடைச் சுவர் இது. உங்கள் மென்பொருளில் காம்போசிஷன் அளவையும் 1280க்கு 768 என்றே வையுங்கள். 1920க்கு 1080இல் செய்த வீடியோவை இதில் இழுத்துப் பொருத்தினால் ஆள் ஒல்லியாகிவிடுவார். சுவரின் அளவை விளம்பரதாரர் லோகோ செய்பவருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். கேட்க மாட்டார், இருந்தாலும் அனுப்புங்கள்.

ப்ரொஜெக்டரில் படம் சாய்ந்து தெரிந்தால் கீஸ்டோனை (சாய்வை நிமிர்த்தும் அமைப்பு) தொடுமுன் ப்ரொஜெக்டரையே நகர்த்திப் பாருங்கள்.

எல்இடி சுவரில் ஒரு பகுதி மட்டும் கெட்டிருக்கிறது

இருண்ட பகுதியின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பின்னால் ஓடுமுன் முன்னால் நின்று பாருங்கள்.

*கேபினெட்டுக்குள் ஒரு சின்னச் சதுரம்:* அது ஒரு மாட்யூல். பின்னால் உள்ள தட்டைக் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது மாட்யூல் போயிருக்கும். ஒரு நிறம் மட்டும் காணோம், சிவப்பே இல்லை என்றாலும் அநேகமாக அந்தக் கேபிள்தான்.

*ஒரு முழு கேபினெட், சுற்றி உள்ளவை நல்லது:* அதன் உள்ளே இருக்கும் பவர் சப்ளை, அல்லது டேட்டாவை வாங்கும் ரிசீவிங் கார்டு.

*ஒரு கேபினெட்டில் தொடங்கி வரிசை முடியும்வரை இருட்டு:* இதுதான் அதிகம் வருவது, இதுதான் எளிதும்கூட. கேபினெட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாங்கிக் கடத்துகின்றன. கடைசி நல்ல கேபினெட்டுக்கும் முதல் கெட்ட கேபினெட்டுக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது. கெட்டதில் பவர் விளக்கு எரிகிறதா? எரிந்தால் டேட்டா கேபிளை மாற்றுங்கள், எரியாவிட்டால் பவர் கேபிள். கேபிளை மாற்றியும் வரவில்லை என்றால், கெட்ட கேபினெட்டைத் தாண்டி அடுத்ததற்கு நீளமான டேட்டா கேபிளால் இணைத்துப் பாருங்கள். மிச்சம் எரிந்தால் ஒரே ஒரு கேபினெட்தான் நட்டம்.

*சுவரில் சரிபாதி இல்லை:* கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு போர்ட். பரவலாக உள்ள கன்ட்ரோலர்களில் ஒரு நெட்வொர்க் போர்ட் சுமார் 6,50,000 புள்ளிகளைத்தான் தாங்கும். மேலே சொன்ன 1280க்கு 768 சுவரில் 9,83,040 புள்ளிகள், அதனால் இரண்டு போர்ட் வேண்டும். இரண்டாவது கேபிளை மாட்ட மறந்தால் பாதிச் சுவர் இருட்டாகத்தான் இருக்கும். கன்ட்ரோலரில் போர்ட் மிச்சம் இருந்தால், சங்கிலியின் கடைசிக் கேபினெட்டிலிருந்து அதற்கு ஒரு கேபிள் திருப்பிக் கொடுத்து பேக்கப்பாக அமைக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒன்று அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து டேட்டா வந்துவிடும். கேட்டால்தான் செய்வார்கள்.

*எல்லாம் எரிகிறது, படம் துண்டு துண்டாகக் கலைந்திருக்கிறது:* கேபிளை வேறு வரிசையில் மாட்டியிருக்கிறார்கள். கன்ஃபிகரேஷன் ஃபைலைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஒத்திகை முடிந்ததும் அந்த ஃபைலை உங்கள் பென்டிரைவிலும் வாங்கி வையுங்கள்.

எங்கே நிறுத்துவது? டேட்டா கேபிள், பவர் கேபிள் வரை நீங்கள் தொடலாம். கேபினெட்டைத் திறந்தால் உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. அதற்கு எல்இடி ஆட்களே வரட்டும். டிரஸ் என்ற உலோகச் சட்டத்தில் தொங்கும் சுவரில் ஷோ நடக்கும்போது யாரும் ஏறக் கூடாது. எரியும் வாடை வந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த லைனின் பவரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மழையில் நனைந்த சுவருக்கும் அதேதான்.

வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது

சார்ஜர் மாட்டியிருக்கிறதா? பேட்டரியில் ஓடும் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாட்டியும் திக்கினால், ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விழா அமைப்பாளர் கடைசி நிமிடத்தில் கொடுத்த பென்டிரைவிலிருந்தே நேராக ஓட்டிக்கொண்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. எஸ்எஸ்டிக்கு நகல் எடுங்கள்.

அப்புறமும் திக்கினால் ஃபைலின் வகை. நமக்கு வருவதில் பெரும்பாலும் எச்.264 எம்பி4. பார்ப்பதற்கு நல்லது, ஓட்டுவதற்கு நல்லதில்லை. அதில் எல்லாச் சட்டகமும் (ஃப்ரேம்) முழுதாக இருக்காது, முந்தையதிலிருந்து எது மாறியது என்ற குறிப்புதான் இருக்கும். லேயர் மேல் லேயர் போட்டு, நடுவிலிருந்து தாவி, லூப் செய்யும்போது லேப்டாப் மூச்சு வாங்குகிறது. ரெசல்யூம் என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டுபவர்கள் டிஎக்ஸ்வி என்ற ஃபைல் வகைக்கு மாற்றுங்கள், மேக்கில் க்யூலேப் என்ற மென்பொருள் என்றால் புரோரெஸ், மற்றவற்றில் எச்ஏபி. ஃபைல் பல மடங்கு பெருக்கும், பரவாயில்லை. கூடவே அளவையும் பாருங்கள். 1280 புள்ளி அகலச் சுவருக்கு 4கே வீடியோவைக் கொடுத்து லேப்டாப்பைத் திட்டுவதில் நியாயமில்லை.

திக்கல் ஒரே சீராக, பெயர்ப் பட்டியல் மெதுவாக மேலே போகும்போது மட்டும் தெரிகிறதா? அது லேப்டாப் பலவீனம் இல்லை. 25 சட்டக வீடியோ 60 ஹெர்ட்ஸ் அவுட்புட்டில் போகிறது, கணக்கு வகுபடவில்லை. அவுட்புட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். கேமராவும் 50இல் இருந்தால் எல்லாமே ஒரே தாளத்துக்கு வந்துவிடும்.

முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்கினால் சூடு. லேப்டாப்பை வெல்வெட் விரித்த மேசையில் வைத்தால் காற்று வாங்க முடியாது. கீழே இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கிவிடுங்கள். ஆன்டிவைரஸ், அப்டேட், கிளவுட் சிங்க் எல்லாவற்றையும் நிறுத்தி, தனி கிராபிக்ஸ் கார்டில்தான் மென்பொருள் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திக்கினால்தான் புது லேப்டாப் பற்றிப் பேச வேண்டும்.

கேமரா படம் ஆளுக்குப் பின்னால் நடக்கிறது

இது முழுவதும் தீராது, குறைக்கத்தான் முடியும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகம் 20 மில்லிசெகண்ட். கேமரா, ஸ்விட்சர், ஸ்கேலர், கன்ட்ரோலர் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டாலே 80 ஆகிவிடும். நடுவில் ஒயர்லெஸ் இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். கேமரா, ஸ்விட்சர் எல்லாம் 1080பி50 என்று ஒரே வடிவத்தில் வையுங்கள், மாற்றி மாற்றித்தான் நேரம் போகிறது. தேவையில்லாத கன்வெர்ட்டர் பெட்டிகளை எடுத்துவிடுங்கள்.

ஒலி 100 மில்லிசெகண்டில் சுமார் 34 மீட்டர்தான் போகும். அதனால் பின்வரிசைக்காரருக்குச் சின்னத் தாமதம் தெரியவே தெரியாது. முன்வரிசையில் உட்காரும் குருவுக்குத் தெரியும். வரவேற்புரைக்கு க்ளோஸ்-அப் போடுங்கள், ஜதி ஓடும்போது போடாதீர்கள். தட்டுக்கழியின் சத்தத்துக்கு அப்புறம் திரையில் கால் விழுவதைப் போல அசிங்கம் வேறில்லை. அந்த நேரத்தில் கேமராவை விட்டுவிட்டு அமைதியான பின்னணிப் படத்துக்குப் போய்விடுவேன்.

கேமராவில் பார்த்தால் சுவரில் கோடு ஓடுகிறது

ஷட்டரை 1/50இல் வைத்து, அங்கிருந்து மெல்ல மாற்றிப் பாருங்கள். கோடு போகாமல் அகலம் மட்டும் மாறினால் சுவரின் ரிஃப்ரெஷ், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது, குறைவு. 1920 ஹெர்ட்ஸ் என்றால் 3840 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அலை அலையாக நெளிந்தால் வேறு விஷயம்: கேமராவை இரண்டடி நகர்த்துங்கள், அல்லது ஃபோகஸை ஆள் மேல் வைத்துச் சுவரை மங்கவிடுங்கள்.

தமிழ் எழுத்து உடைகிறது

இதற்கு எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் வழி இருக்காது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெயர் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. உங்கள் லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை. நிறுவலாம், ஆனால் அதைவிட யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. யூனிகோடிலும் கொம்பு இடம் மாறி, 'கோ'வில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும்.

நேரமில்லை என்றால் குறுக்கு வழி: தமிழ் சரியாகத் தெரியும் எந்த மென்பொருளிலாவது எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து ஓட்டுங்கள். படம் எந்த லேப்டாப்பிலும் உடையாது. ஓட்டுமுன், தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுங்கள். சிறப்பு விருந்தினர் பெயரில் ஒற்று போனால்கூட மன்னிப்பார்கள். கால் போனால் மன்னிக்க மாட்டார்கள்.

பேச்சாளரின் குறிப்புகள் சுவரில் தெரிகின்றன

பவர்பாயின்ட் திரையை மாற்றி எடுத்துக்கொண்டது. ஸ்லைடு ஷோவிலேயே 'ஸ்வாப்' இருக்கும், ஒரு சொடுக்கு. வாட்ஸ்அப் செய்தி மேலெழுந்தால் டூ நாட் டிஸ்டர்ப். வாட்ஸ்அப்பை மூடுவது இன்னும் நல்லது.

ஒலியில் 'ங்ங்ங்' என்ற உறுமல்

லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகிவிட்டன. சவுண்டுக்காரரிடம் டிஐ பாக்ஸ் (அந்த வளையத்தைத் துண்டிக்கும் பெட்டி) கேட்டு அதன் வழியாகக் கொடுங்கள், சார்ஜரைத் திரும்ப மாட்டலாம். சார்ஜர் பிளக்கின் எர்த் காலை உடைக்கச் சொல்லும் அனுபவசாலி ஒருவர் எல்லா மண்டபத்திலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். டிஐ போட்டும் உறுமல் நிற்காமல், மைக்கைத் தொட்டால் 'சுர்' என்று பிடித்தால் நிகழ்ச்சியை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

லைட் கன்சோலிலிருந்து க்யூ வரவில்லை

க்யூ என்பது, அடுத்த வீடியோவை ஓட்டு என்று லைட் கன்சோல் உங்கள் லேப்டாப்புக்கு அனுப்பும் சைகை. இரண்டு கருவியும் ஒரே நெட்வொர்க்கில், ஒரே ஐபி வரிசையில் இருக்கின்றனவா? அடுத்து போர்ட் எண். யாரும் மாற்றாத வரை ரெசல்யூம் ஓஎஸ்சியை (நெட்வொர்க்கில் சைகை அனுப்பும் ஒரு முறை) 7000இல் கேட்கும், க்யூலேப் 53000இல். லைட் சைகைகளுக்கான ஆர்ட்நெட் முறை என்றால் 6454. இவை சரி என்றால் விண்டோஸ் ஃபயர்வால். புது நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் தடுத்திருக்கும். 'பிரைவேட்' ஆக்குங்கள்.

மதியம் ஒத்திகையில் வந்தது, மாலையில் வரவில்லை என்றால் வைஃபைதான். காலி மண்டபத்தில் ஓடிய வைஃபை, ஆயிரம் போன்கள் உள்ளே வந்ததும் திணறும். ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடுங்கள். இழுக்க நேரமில்லை என்றால் லைட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே போய் உட்காருங்கள். ஒரு நாட்டிய நாடகத்தில் இரண்டாம் பாதி முழுவதும், நாற்பது க்யூவுக்கு மேல், அவர் என் தோளைத் தட்டத் தட்ட நான் அழுத்திக்கொண்டிருந்தேன்.